விரல் பட்ட மண்

வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் மனிதன் பிறக்கிற இடத்துக்கு வரும்போது நடை மாறிவிடுகிறது. அதுவரை எல்லாம் வாய்ச்சொல்லிலேயே நடந்தேறுகின்றன. வெளிச்சம் வரட்டும் என்றதும் வெளிச்சம் வருகிறது. ஒதுங்கச் சொன்னதும் தண்ணீர் ஒதுங்குகிறது. புல்லும் பூண்டும், சூரியனும் சந்திரனும், மீனும் பறவையும் ஒரு கட்டளைக்குக் கட்டுப்பட்டு வரிசையாக வந்து நிற்கின்றன. மனிதனின் முறை வந்ததும் கட்டளைக் குரல் தணிந்து, ஆலோசனைக் குரல் கேட்கிறது. நம் சாயலில் மனிதனை உண்டாக்குவோம் என்று கடவுள் தமக்குள் கலந்துகொள்கிறார். ஒரு மூச்சு நேரத் தயக்கம்தான் அது; எத்தனை முறை வாசித்தாலும் அந்தத் தயக்கத்தின் அழகு குறைவதில்லை. அங்கே ஒலிக்கும் பன்மையில் தந்தை, மகன், தூய ஆவி மூவரின் உரையாடலைக் கேட்டார்கள் ஆதித் திருச்சபையின் தந்தையர். படைப்பு முழுவதிலும் யோசித்துச் செய்யப்பட்டது மனிதன் ஒருவன்தான் என்கிற பெருமிதம், எந்த ஆரவாரமும் இல்லாமல் அந்த இடைவெளியில் அமர்ந்திருக்கிறது.

இந்தப் பகுதியை வாய்விட்டு வாசிக்கக் கேட்க வேண்டும். அதற்கென்றே ஓர் இரவும் இருக்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பின் முதல் வாசகம் இதுதான். கழனிகளுக்கும் பனைகளுக்கும் நடுவே ஒரு சிற்றாலயம்; வெளியே மூட்டிய புது நெருப்பிலிருந்து ஏற்றிய பாஸ்கா திரி; கைக்குக் கை மாறி வந்த சுடர்கள். காஞ்சிபுரம் சீமையில், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படிக் கேட்கும்போது, நல்லது நல்லது என்று திரும்பத் திரும்ப வரும் சொல் காதில் தாளமாக விழும். ஆறு முறை நல்லது என்று கண்ட கடவுள், ஏழாவது முறை மிகவும் நல்லது என்று காண்கிறார். மனிதன் வந்து சேர்ந்த பிறகு சொன்ன சொல் அது. ஆனால் மனிதனை மட்டும் தனியே நிறுத்திப் பார்த்துச் சொன்னதில்லை. அவனையும் உள்ளே வைத்து, தாம் செய்த எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்துச் சொன்னது. இன்னொன்றையும் கவனியுங்கள். மனிதனுக்கென்று தனி நாள் ஒதுக்கப்படவில்லை. ஆடுமாடுகள் தோன்றிய அதே ஆறாம் நாளில்தான் அவனும் தோன்றுகிறான். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் தீட்டி முதல் கவளத்தை மாட்டுக்கு ஊட்டுகிற ஊர்க்காரர்களுக்கு இந்த உறவை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் அதிகாரத்தில் வானமும் நட்சத்திரங்களும் பின்னால் போக, கதை மண்ணில் இறங்குகிறது. பயிர்பச்சை இன்னும் முளைக்காததற்கு அது சொல்லும் காரணங்கள் இரண்டு: மழை இன்னும் பெய்யவில்லை, நிலத்தைப் பண்படுத்த ஆளும் இல்லை. மழையையும் உழுகிறவனையும் ஒரே மூச்சில் அடுத்தடுத்து வைத்த அந்தப் பழங்காலக் கையை என்ன சொல்லிப் புகழ்வது! உத்திரமேரூர் ஏரியை நம்பி விதைக்கிற ஊர். பல்லவர் காலத்தில் வைரமேகத் தடாகம் என்று பெயர் பெற்ற பேரேரி அதற்கு வாய்த்திருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் நவரைப் போகத்துக்குக் கவலையில்லை. மிச்சத் தண்ணீர் இருந்தால் சொர்ணவாரியும் பார்த்துக்கொள்ளலாம். மழையும் ஆளும் சேர்ந்தால்தான் வயல் என்பது இங்கே மதகடியில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த கணக்கு. மனிதனை உலகத்தின் எஜமானனாக அறிமுகப்படுத்தும் முன், உலகத்துக்குக் குறைவாக இருந்த ஆளாக அறிமுகப்படுத்துகிறது இந்த அதிகாரம். நிலம் அவனுக்காகக் காத்திருக்கிறது.

அடுத்து வரும் நுணுக்கம் அவசரத்தில் கடந்துபோகக் கூடியது. பூமியிலிருந்து மூடுபனி எழும்பி நிலமெங்கும் நனைகிறது. அதன் பிறகுதான் கடவுள் மண்ணைத் தொடுகிறார். காய்ந்த புழுதி கையில் நிற்காது. ஈரம் பட்டுப் பதம் வந்த மண்தான் விரலுக்கு இணங்கும். சேடை ஓட்டிய கழனியில் இறங்கியவருக்கு அந்தப் பதம் தெரியும். கால்விரல் இடுக்குகளில் வழுவழுப்பாகப் பிதுங்கி, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, எடுத்த அடியை மனமில்லாமல் விடுகிற மண் அது. நட்சத்திரங்களை வாய்ச்சொல்லால் படைத்தவர், மனிதனுக்காக அந்த மண்ணில் கை வைக்கிறார். 2ஆம் நூற்றாண்டின் புனித இரேனியு இதில் மனம் பறிகொடுத்தவர். மகனும் தூய ஆவியுமே தந்தையின் இரு கைகள், அந்தக் கைகளால் வனையப்பட்டவன் மனிதன் என்று அவர் எழுதினார். பிரான்சின் சார்த்ரு பேராலயத்து வடக்கு வாயிலில் 13ஆம் நூற்றாண்டுச் சிற்பி இதையே கல்லில் சொன்னான். அங்கே கடவுள் உட்கார்ந்திருக்கிறார். பாதி உருவான ஆதாம் அவர் மடியில் தலை சாய்த்திருக்கிறான். அந்தத் தலையை அவருடைய கைகள் பதமாகப் பிடித்திருக்கின்றன. அதே வாயிலில் இன்னொரு சிற்பம் உண்டு. அதில் கடவுள் பறவைகளைப் படைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் இன்னும் படைக்கப்படாத ஆதாமின் முகம் தெரிகிறது. கொக்கையும் நாரையையும் செய்துகொண்டிருக்கும்போதே அவர் நினைவில் மனிதன் வந்துவிட்டான் என்கிறது கல்.

வனைந்து முடித்தவுடன் எழுந்துவிடவில்லை அவர். மண்ணுருவின் நாசியில் உயிர்மூச்சை ஊதுகிறார். நாசியில் ஊத வேண்டுமானால் முகத்தோடு முகம் வர வேண்டும். கண்ணில் தூசி விழுந்த பிள்ளையின் முகத்தருகே குனிந்து ஊதுகிற தாயின் நெருக்கம் இது. ஆதாம் முதன்முதலில் கண் திறந்தபோது ஏதேன் தோட்டம்கூட அவன் பார்வையில் பட்டிருக்காது. அத்தனை அருகில் இருந்த முகம்தான் பட்டிருக்கும். திருச்சபை இந்த மூச்சை மறக்கவேயில்லை. புனித வாரத்தில் கிறிஸ்மா எண்ணெயை அர்ச்சிக்கும்போது ஆயர் பாத்திரத்தின்மேல் குனிந்து ஊதுவது வழக்கம். 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்திலிருந்து பங்கு பங்காகப் பிரிந்து போகிற அந்த எண்ணெய், ஏதோ ஒரு கிராமத்தில் ஞானஸ்நானம் பெறும் குழந்தையின் உச்சியில் வந்து சேர்கிறது. உடலும் ஆன்மாவும் கொண்ட ஒரே ஆள் மனிதன் என்ற கிறிஸ்தவ நம்பிக்கை இந்த மூச்சில்தான் நிற்கிறது. உடலின் தோற்றத்தை அறிவியல் ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மாவோ கடவுள் நேரடியாகத் தருவது என்று 1950இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் சுற்றுமடல் எழுதியபோதும், மண்ணையும் மூச்சையும் அதனதன் இடத்தில் வைத்தே பேசினார்.

இனி அந்தச் சாயல் என்கிற பேரழகு. பழைய எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் கடவுளின் சாயல் என்பது அரசனுக்கு உரிய பட்டம். ஆதியாகமம் அந்தப் பட்டத்தை அரண்மனையிலிருந்து இறக்கி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வைக்கிறது. எந்த நாட்டான், எந்தக் குலத்தான் என்று கேட்காமல் வைக்கிறது. உத்திரமேரூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது கண் தானாகவே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவருக்குப் போகும். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளின் நேர்த்தி உலகறிந்தது. ஊர்ச்சபைத் தேர்தலுக்கான குடவோலையில் பெயர் எழுதக் கால் வேலி இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயது வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். தகுதியை இவ்வளவு துல்லியமாக அளந்த கல்லுக்குப் பக்கத்தில் ஆதியாகமத்தை வைத்துப் பார்த்தால் அதன் மென்மை இன்னும் கூடித் தெரிகிறது. அங்கே மனிதனுக்கு அளவுகோல் எதுவும் இல்லை. நிலம் உண்டா என்று அவனிடம் எப்படிக் கேட்பது? அவனே நிலத்தால் ஆனவன்.

இந்த அழகை வெறும் ஏட்டழகாக விட்டுவிடாத மண் இது. பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், சேற்றில் இறங்கிப் பாடுபட்டும் ஒரு சாண் நிலத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாதிருந்த மக்களிடம் இந்தக் கதை வந்தது. பெயரிலேயே ஆதாமைச் சுமந்திருந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆதாம் ஆண்ட்ரு அவர்களுக்கு நிலம் வேண்டுமென்று வாதாடினார். மெல்ரோசாபுரம் என்ற குடியேற்றத்தையும் உண்டாக்கினார். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் அம்மக்களின் நிலையை விரிவாக அறிக்கையாக்கினார். 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று பின்னால் அறியப்பட்டதன் வேர் அங்கே இருக்கிறது. கடவுள் கை வைத்த மண்ணில் தங்களுக்கும் பங்குண்டு என்று கேட்டவர்களின் குரலில், ஆதியாகமம் தன் மிக அழகிய விரிவுரையைப் பெற்றது என்பேன்.

ஏவாள் வருகிற இடம் கதையின் கனிந்த பகுதி. ஆதாமுக்கு ஆழ்ந்த உறக்கத்தைக் கொடுத்து, விலாவிலிருந்து ஓர் எலும்பை எடுத்து, அந்த இடத்தைச் சதையால் மூடுகிறார் கடவுள். அந்தக் காயத்தை மூடுகிற அக்கறையைத் தவறவிடாமல் பாருங்கள். எடுத்த இடத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போகாத கை அது. ஆளுவதற்காகத் தலையிலிருந்தும் எடுக்கவில்லை, மிதிபடுவதற்காகக் காலிலிருந்தும் எடுக்கவில்லை, பக்கத்தில் நிற்பதற்காகப் பக்கத்திலிருந்து எடுத்தார் என்று இடைக்கால இறையியலாளர் பீட்டர் லொம்பார்டு விளக்கினார். அந்த விளக்கம் இன்றைக்கும் நம் ஊர்க் கல்யாணப் பிரசங்கங்களில், தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால், மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு சொல்லப்படுகிறது. உறங்கி எழுந்த ஆதாம் அவளைப் பார்த்துப் பேசுவதுதான் வேதாகமத்தில் நாம் கேட்கும் முதல் மனிதக் குரல். அதில் கோரிக்கையும் இல்லை, புகாரும் இல்லை. வியப்பும் சொந்தமும் மட்டும்.

பிறகு விலக்கப்பட்ட அந்தக் கனி வருகிறது, எல்லாம் குலைகிறது. ஆதாமின் பாவம் மனித குலம் முழுவதிலும் படிந்தது என்று புனித அகுஸ்தீன் அழுத்திச் சொன்னதை மேற்குத் திருச்சபைகள் ஏற்றன. கிழக்குத் திருச்சபைகள் மரணம் என்கிற பரம்பரைச் சொத்தைப் பற்றியே அதிகம் பேசின. இரண்டு பக்கத்தாரும் வாசிக்கிற ஒரு சிறிய வசனத்தில் என் மனம் நின்றுவிடுகிறது. தோட்டத்தை விட்டு அனுப்பும் முன், கடவுள் தாமே அவ்விருவருக்கும் தோலாடை செய்து உடுத்திவிடுகிறார். அத்தியிலைகளைத் தைத்து அவர்கள் கட்டியிருந்தது வெளிக்காற்றுக்குத் தாங்காது என்று அவருக்குத் தெரியும். தண்டனை கொடுத்த அதே கை உடுப்பும் தைக்கிறது. பாஸ்கா திருவிழிப்பில் பாடப்படும் புகழுரை ஆதாமின் குற்றத்தையே பாக்கியமாகக் கொண்டாடுகிற துணிச்சலுக்கு, இந்தத் தோலாடையில்தான் நூல் கோத்திருக்கிறது.

மண்ணின் நினைவு ஆண்டுக்கொரு முறை நெற்றிக்கும் வருகிறது. குருத்தோலை ஞாயிறன்று பவனியில் பிடித்த ஓலையைச் சிலுவையாகப் பின்னிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஒரு வருஷப் புகையும் தூசியும் ஏறிப் பழுப்பேறிய அந்த ஓலைகள்தான் சாம்பல் புதனுக்கு முன் ஆலயத்துக்குத் திரும்பி வந்து எரிகின்றன. குருவானவரின் கட்டைவிரல் அந்தச் சாம்பலைத் தொட்டு, நீ மண்தான், மண்ணுக்கே திரும்புவாய் என்ற நினைவோடு சிலுவை வரைகிறது. நடவு நட்டுக் கறுத்த நெற்றி, பள்ளிக்கூடப் பவுடர் கலையாத நெற்றி, இடுப்பில் தூங்கும் குழந்தையின் நெற்றி எல்லாவற்றுக்கும் ஒரே விரல், ஒரே சாம்பல். திருநீறு துலங்கும் நெற்றிகள் நிறைந்த காஞ்சிபுரம் சீமையில் அந்தச் சிலுவை தெருவில் இறங்கும்போது அந்நியமாகத் தெரிவதில்லை. ஏவாளையும் ஆதாமையும் வனைந்த விரலின் தடம் இன்னும் அழியவில்லை என்று அது சொல்லிக்கொண்டு போகிறது.

கடைசியாக ஒரு நயம். எனக்கு மிகவும் பிடித்தது. முதல் அதிகாரத்தின் கணக்குப்படி மனிதன் ஆறாம் நாளின் கடைசி வேலை. அப்படியானால் அவன் முழுதாகக் கண்ட முதல் நாள் எது? ஏழாம் நாள், கடவுள் ஓய்ந்திருந்த நாள். ஒரு கதிர் அறுக்கும் முன், ஒரு பாத்தி கட்டும் முன், தன்னை யாருக்கும் நிரூபித்துக் காட்டும் முன், கடவுளோடு சேர்ந்து சும்மா இருக்கக் கிடைத்தது அவனுக்கு. நாள் கூலிக்கு நாற்று நடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல புடவையும் வெளுத்த வேட்டியும் உடுத்தி வந்து ஆலயத்தில் உட்காரும்போது, மனித குலத்தின் அந்த முதல் முழு நாளைத்தான் அவர்கள் எடுத்து உடுத்தியிருக்கிறார்கள். உழைப்பு வந்தது பிறகு. மதிப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது.