வேலணைத் தண்ணீரும் வீட்டுச் சலவைத் திரவமும்

2022இல் இலங்கையில் விலைகள் ஏறிய நாள்களில் பரவிய பழக்கம் இது. சலவைத்தூள் பைக்கற் கைக்கெட்டாமல் போனபோது, சவர்க்காரக் கட்டியைத் துருவிக் கொதிநீரில் கரைத்து, அப்பச்சோடாவும் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் போத்தலில் அடைத்து வைக்கத் தொடங்கினார்கள். நெருக்கடி தணிந்த பிறகும் பழக்கம் நின்றுவிடவில்லை. ‘இயற்கைச் சலவைத் திரவம்’ என்ற பெயர் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து காணொளிகள் வந்தன. அதற்கென்று ஒரு நியாயமும் வந்து சேர்ந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தவர்கள் நாங்கள், கம்பனித் தூள் இல்லாமலே வாழ்ந்து காட்டியவர்கள், இன்று விரும்பி அந்த வழிக்குத் திரும்புகிறோம் என்பதே அந்த நியாயம். இந்த நியாயம் தவறு. யாழ்ப்பாணத் தீவகத்து வேலணை போன்ற ஓர் ஊரில் அந்தத் தவறு உடுப்பிலேயே தெரியும்.

நன்மைகளை மறுக்க ஒன்றுமில்லை. செலவு குறைகிறது. கடைத்தூளின் வாசனைப் பொருள்கள் சிலருடைய தோலுக்கு ஒவ்வாதவை. அவர்களுக்கு இது ஆறுதல். சிறு பைக்கற்றுகளின் பொலித்தீன் குப்பை கடற்கரையில் ஒதுங்குவது குறையும். தூளின் உப்புகள் கிணற்றடி வாழைக்கும் நல்லவை அல்ல. இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் ஆட்சேபம் ஒன்றுதான், அது நெடுநாளையது. இந்தச் செய்முறைகளில் சவர்க்காரம் எத்தனை கிராம் என்று இருக்கிறது, தேசிக்காய் எத்தனை என்று இருக்கிறது. எந்தத் தண்ணீரில் தோய்ப்பது என்று எங்கும் இல்லை. தோய்ப்பு நடப்பது வாளித் தண்ணீரில். அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் சொல்லப்படும் எந்த அளவும் வெறும் ஊகம்.

யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கின்றன. பெய்கிற மழை அந்தக் கல்லினூடு இறங்கும்போது கல்சியத்தைக் கரைத்துக்கொண்டே கிணற்றுக்கு வருகிறது. கடலோரக் கிணறுகளில் கடல்நீரின் மக்னீசியமும் சேர்கிறது. சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பு. கல்சியத்தைச் சந்தித்த உடனே அது சோடியத்தை விட்டுவிட்டுக் கல்சியத்தோடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்சாம்பல் நிறப் பசையாகிவிடும். வாளியின் விளிம்பில் வளையமாக ஒட்டுவதும், தோய்க்கிற கல்லில் வழுக்குவதும் அதுதான். நீரிலுள்ள கல்சியம், மக்னீசியம் எல்லாம் இப்படித் தீர்ந்த பிறகே நுரை எழும், அழுக்கும் அகலும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்சியத்தாலும் மக்னீசியத்தாலும் வரும் வன்மை லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரை மிக வன்மையான நீர் என்பார்கள். நம் கிணற்றில் 300 என்று வைத்துக்கொள்வோம். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது வியப்பான எண் அல்ல. 20 லீற்றர் வாளி ஒன்றில் உள்ள வன்மையைத் தீர்க்க மட்டும் ஏறத்தாழ 35 கிராம் சவர்க்காரம் வேண்டும். இனிச் செய்முறையைப் பாருங்கள். 100 கிராமுக்குச் சற்றுக் கூடிய ஒரு கட்டியைத் துருவி ஐந்து லீற்றர் நீரில் கரைக்கிறார்கள்; அதில் ஒரு கோப்பை, 200 மில்லிலீற்றர், வாளிக்குப் போதும் என்கிறார்கள். அந்தக் கோப்பையில் இருக்கும் சவர்க்காரம் நான்கு கிராமுக்கு மேல் ஒரு சொட்டுத்தான். வாளி கேட்பதில் எட்டில் ஒரு பங்கு. அது முழுவதும் பசையாகிப் போகிறது. அந்த வாளியில் துணிக்கு மிஞ்சுவது கொஞ்சம் பசையும் கையின் உழைப்பும் மட்டுமே.

சலவைச் சோடா சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. சோடியம் காபனேற்று கல்சியத்தைச் சுண்ணாம்பாக வீழ்த்திவிடும். மேற்சொன்ன வாளிக்கு நீரற்ற சோடா ஆறேழு கிராம் போதும். ஆனால் அதை முதலில் தண்ணீரில் கரைத்துச் சிறிது நேரம் விட்டு, அதன் பிறகே சவர்க்காரத்தை விடவேண்டும். எல்லாவற்றையும் ஒரே போத்தலில் கலந்து வைத்தால் அந்த ஒழுங்கு போய்விடுகிறது. பல வீடுகளில் சலவைச் சோடாவுக்குப் பதிலாக அப்பச்சோடா போடுகிறார்கள்; அது பலவீனமான காரம், வன்மை நீக்கும் வேலைக்குப் போதாது. அதன் மேல் தேசிக்காய்ப் புளியையோ வினாகிரியையோ விடுகிறார்கள். பொங்கி எழும் நுரையைப் பார்த்து மகிழ்கிறார்கள். அது காபனீரொட்சைட்டு, காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் நுரை. மிஞ்சிய அமிலம் சவர்க்காரத்தையே உடைத்து எண்ணெய்ப் பசையாக மேலே மிதக்கவிடும். தாய்லாந்தில் தொடங்கி இங்கும் வந்திருக்கிற பழத்தோல் நொதியமும் அப்படித்தான். சர்க்கரை ஒரு பங்கு, தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம் புளிக்கவிட்டால் கிடைப்பது புளித்த நீர். தளத்தில் படிந்த சுண்ணாம்புக் கறையை அது கரைக்கும். எண்ணெய் அழுக்கைப் பிடித்திழுக்க அதில் பொருளே இல்லை.

விளைவு வெள்ளையில் முதலில் தெரியும். இந்நாட்டுப் பள்ளிச் சீருடை வெள்ளை. அதன் கழுத்துப்பட்டியில் அந்தப் பசை மாதக்கணக்கில் படியப் படியத் துணி விறைக்கிறது, சாம்பல் பூக்கிறது, வியர்வையைப் பிடித்து வைத்து மழை நாளில் புளித்த மணம் தருகிறது. ‘இயற்கை என்றால் பளபளக்காது’ என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்கிறார்கள். பிள்ளையின் சட்டையில் ஏறிக்கொண்டே போகிற அழுக்குக்குக் கொள்கைப் பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதைவிடப் பெரியது தண்ணீர்ச் செலவு. பசை போகவில்லை என்று இன்னொரு வாளி அலசுவார்கள், பிறகும் ஒன்று. வேலணையில் அது சின்னக் காரியமா? தீவின் நன்னீர், நிலத்தடி உப்புநீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய வில்லை. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி நிற்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பேர்க் கணக்கு. மேலே ஓரங்குலம் இறைத்துக் குறைத்தால், கீழேயிருந்து 40 அங்குலம் உப்பு மேலேறப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்புகிற கிணறு ஆடி, ஆவணியில் சவராகிப் போவது இதனால்தான். இத்தீவின் சாட்டிப் பகுதியின் மணற்பாங்கான நிலத்து நல்ல தண்ணீர், தீவகத்தின் வேறு ஊர்களுக்கும் கொண்டுபோகப்பட்ட தண்ணீர். அப்படிப்பட்ட மண்ணில் இரண்டு வாளி அதிகம் கேட்கிற ஒரு சலவை முறையைச் சூழல் நேயம் என்று அழைப்பது அநியாயம். பணம் மிச்சம் என்கிற கணக்கில் இந்தத் தண்ணீர் சேரவே இல்லை. கடைத்தூளைப் பழிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1946இல் அமெரிக்காவில் டைட் தூள் வந்தபோது, வன்னீர்ப் பகுதி வீடுகள் அதை வாங்கியதற்குக் காரணம் உண்டு: செயற்கைச் சலவைப் பொருள் கல்சியத்தோடு இப்படிப் பசையாகித் துணியில் படிவதில்லை. நம் கிணற்றின் சிக்கலுக்கே அங்கே விடை தேடியிருந்தார்கள்.

இனிப் பனம்பழம். 1990இல் தொடங்கிய அந்தப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் அடங்கியிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இராணுவம் தீவகத்துக்குள் வந்ததால் வேலணையார் பெரும்பாலோர் ஊரை விட்டுக் குடாநாட்டில் இடம்பெயர்ந்திருந்தார்கள். பனங்களியைத் துணியில் தேய்த்தது அங்கிருந்த கிணற்றடிகளில்தான். அந்த நினைவைப் போற்ற வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் துருவிய சவர்க்காரத்துக்கு அதைச் சாட்சியாக அழைப்பது பிழை. பனங்களியின் கசப்புக்குக் காரணம் ஃபிளபெலிஃபெரின் எனப்படும் சபோனின் வகைப் பொருள்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸ் குழுவினர் அவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சபோனின் நுரைக்கும், மின்னேற்றத்தை நம்பி வேலை செய்யாததால் கல்சியம் அதைப் பசையாக்கி வீழ்த்துவதில்லை. அதாவது பனங்களி நம் தண்ணீருக்குப் பொருந்தியது, துருவிய கட்டி பொருந்தாது. பெருமைக்குரிய பழைய வழியின் பெயரைச் சொல்லி, அந்த வழிக்கு நேர் எதிரான ஒன்றைப் போத்தலில் அடைத்திருக்கிறார்கள்.

பனங்களியிலும் குறை உண்டு. மஞ்சள் படியும், தும்பு ஒட்டும், எறும்பு வரும். கொடியில் காயும் சேலையை மாடு சப்பிய கதை அந்தத் தலைமுறையில் பலரிடம் இருக்கிறது. பழம் விழுவதும் ஆடி முதல் புரட்டாதி வரைதான். பூந்திக்கொட்டைத் திரவமும் சபோனின் சேர்ந்ததே. என் முதன்மையான ஆட்சேபம் அதைத் தொடாது. ஆனால் மீன்கூடையோடு பழகிய சாரத்தின் எண்ணெயை எடுக்கிற வலு அதற்கு இல்லை. கொட்டையையும் வாங்கித்தான் ஆகவேண்டும்.

நீரைப் பார்த்துத் தோய்க்கிற அறிவு இந்த மண்ணில் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் சலவைத் தொழிலாளர். மழைநீர் தேங்கிய குளத்தை நாடிப் போனார்கள். உவர்மண்ணின் காரத்தைத் துணியில் ஏற்றி வெள்ளாவி வைத்தார்கள். சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட அந்த உழைப்பைப் பற்றி ஒரு வரியும் பேசாமல், ‘முன்னோர் முறை’ என்று தேசிக்காயைப் பிழிகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அவர்களுடைய முன்னோர் தோய்க்கவில்லை, தோய்ப்பித்தார்கள்.

வீட்டிலேயே செய்யத்தான் வேண்டும் என்றால் வேலணைக்கு வேறு ஒழுங்கு வேண்டும். இரண்டு போத்தல் எடுத்து, ஒன்றில் கிணற்றுத் தண்ணீரும் மற்றதில் கூரையில் பிடித்த மழைநீரும் அரைவாசி விட்டு, இரண்டிலும் ஒரே அளவு திரவத்தைச் சொட்டி, மூடிக் குலுக்க வேண்டும். மழைநீரில் நுரை நின்று, கிணற்றுத் தண்ணீர் பால்போல் கலங்கினால், அந்தத் திரவம் அந்தக் கிணற்றுக்கு ஆகாது. வெள்ளை உடுப்புக்கு மழைநீர்த் தொட்டியை ஒதுக்கலாம். மழைநீர் இல்லாத மாதங்களில் சலவைச் சோடாவை முன்னே கரைத்து, கலங்கல் அடியில் தங்கும்வரை பொறுத்து, தெளிந்த நீரை இறுத்துச் சவர்க்காரம் போடலாம். தேசிக்காய் சமையலறையிலேயே இருக்கட்டும். இந்தத் திரவம் செய்யப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் முதல் நாளில் துருவியைக் கொண்டுவருமுன், வருகிற ஒவ்வொருவரையும் தம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.