கேள்வியை மாற்றிப் பார்த்தவர்கள்

கறுப்பினக் குழந்தைகளிடம் குறை எதுவும் இல்லை. அவர்களுடைய 'கற்கும் பாணி' வேறு, பள்ளி அதற்கேற்ப மாறவில்லை, அதனால்தான் மதிப்பெண்ணில் இடைவெளி. ஜானிஸ் ஹேல்-பென்சன் போன்றவர்கள் 1980களில் முன்வைத்த இந்த வாதம் அமெரிக்கக் கல்வி உலகில் இன்னும் ஓயவில்லை. நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் ஷெர்லி பிரைஸ் ஹீத்தின் 'வேஸ் வித் வேர்ட்ஸ்' (1983) நூலைப் படித்தவர்களால் அதை அப்படியே விழுங்க முடியாது.

கரோலினா மாநிலங்களின் பீட்மான்ட் பகுதியில், துணி ஆலைகளை நம்பி வாழ்ந்த இரண்டு குடியிருப்புகளோடு பல வருஷம் பழகி ஹீத் எழுதிய நூல் இது. டிராக்டன் கறுப்பர்களுடையது, ரோட்வில் வெள்ளையர்களுடையது, இரண்டும் புனைபெயர்கள். டிராக்டனில் பெரியவர்கள் தங்களுக்கு விடை தெரிந்த கேள்வியைக் குழந்தையிடம் கேட்பது அபூர்வம். "அது எதை மாதிரி இருக்கு?" என்பார்கள். பள்ளியிலோ டீச்சர் படத்தைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்கிறார். அவருக்குத்தான் தெரியுமே, அப்புறம் எதுக்குக் கேக்கணும்? குழந்தை பேசாமல் நிற்கிறது. டீச்சர் அதை மந்தம் என்று எடுத்துக்கொள்கிறார்.

அடுத்து நடப்பதுதான் நூலின் உயிர். ஆசிரியர்கள் கேள்வியை மாற்றுகிறார்கள்: "இங்க என்ன நடக்குது? இந்த மாதிரி இடத்துக்கு நீ போயிருக்கியா?" குழந்தைகள் பேசத் தொடங்குகிறார்கள். அதோடு நிற்காமல், பள்ளிக்கே உரிய கேள்விகளையும் அவற்றுக்குப் பதில் சொல்லும் விதத்தையும் வெளிப்படையாகச் சொல்லித்தருகிறார்கள். என் தொழிலில், உள்ளீட்டை புரோகிராம் ஏற்காவிட்டால் முதலில் இன்டர்ஃபேஸைப் பார்ப்போம். பயனரின் பரம்பரையை ஆராய மாட்டோம்.

இன விளக்கத்தை உடைப்பது ரோட்வில். அங்கே வீட்டிலேயே பெயர், நிறம், எண்ணிக்கை எல்லாம் கேட்டுப் பழக்குகிறார்கள். அந்த வெள்ளைக் குழந்தைகள் முதல் சில வகுப்புகளில் நன்றாகப் படித்து, நாலாம் வகுப்பு வாக்கில் பின்தங்குகிறார்கள். சரியான ஒற்றை விடைக்குப் பழகியவர்களுக்கு, சொந்தமாக யோசிக்கச் சொல்லும் கேள்வி வந்ததும் தடுமாற்றம்.

நூலில் ஒரு குறை உண்டு. பேச்சுப் பழக்கத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் ஹீத், பள்ளிகளுக்கிடையிலான பணக் கணக்கை அதே நுணுக்கத்தோடு பார்ப்பதில்லை. 2006இல் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், 'சாதனை இடைவெளி' என்று சொல்லாதீர்கள், இது தலைமுறைகளாகச் சேர்ந்த 'கல்விக் கடன்' என்றார். ஹீத்தின் வகுப்பறையையும் அந்தக் கடன் கணக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

"இவங்க இப்படித்தான் கத்துப்பாங்க" என்று அன்போடு சொன்னாலும் அது முத்திரைதான். கடன் வாங்கியவர்களை அது தப்பிக்க விடுகிறது. பள்ளியின் கேள்விகளுக்குப் பழகும் வாய்ப்பையும் அந்தக் குழந்தையிடமிருந்து பறித்துவிடுகிறது.