அபு தூங்கிவிட்டான்

அம்மாவைப் பற்றி எழுத நம்மிடம் ஒரு தயார் பாஷை இருக்கிறது. மேடை, சினிமா, தொடர்கதை எல்லாவற்றிலும் அதுதான் புழங்குகிறது. தியாகம், கண்ணீர், கோயில், தெய்வம். இந்தப் பாஷையின் உபயோகமே அம்மாவைப் பார்க்காமல் இருப்பதுதான். தெய்வத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பதினாறு வயதுப் பையனுக்கும் அவன் தாய்க்கும் நடுவில் ஒரு சாதாரண நாளில் என்ன நடக்கிறது என்று கேட்டால் இந்தப் பாஷை வாயடைத்து நிற்கும். இதற்கு மாற்றாக இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. தலைமுறை இடைவெளி, புரிதல், மனம்விட்டுப் பேசுதல். பழையதைவிட நாகரிகமானது, அவ்வளவுதான். இரண்டுக்கும் அடியில் இருக்கிற நம்பிக்கை ஒன்றே: எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டால் யாரும் யாரையும் காயப்படுத்த வேண்டியிராது.

சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' (1956) இந்த நம்பிக்கையை மறுக்கிற படம். 'பதேர் பாஞ்சாலி'க்கும் (1955) 'அபூர் சன்சா'ருக்கும் (1959) நடுவில் அகப்பட்டுக்கொண்டதாலோ என்னவோ, மூன்றில் குறைவாகப் பேசப்படுவது இதுதான். வெனிஸில் 1957-இல் தங்கச் சிங்கம் வாங்கியது. கல்கத்தாவில் ஓடவில்லை. ஓடாததில் ஆச்சரியமும் இல்லை. தாயைவிட்டு விலகுகிற மகனை வில்லனாக்கியிருந்தால் வங்காள ரசிகர் ஏற்றிருப்பார். கடைசியில் அவனைத் திருத்தியிருந்தால் அழுதும் இருப்பார். ரே இரண்டையும் செய்யவில்லை.

விபூதிபூஷணின் நாவலில் ஓர் இடம் உண்டு. தாய் இறந்த செய்தி வந்ததும் அபுவுக்கு முதலில் தோன்றுவது துக்கம் அல்ல, ஒரு விடுதலை உணர்ச்சி. கணநேர உணர்ச்சிதான். அதற்குள் அவனே அதைக் கண்டு கலங்கிவிடுகிறான். தாயை அவன் நேசித்தான் என்பதிலும் சந்தேகமில்லை. 1930-களின் தொடக்கத்தில் இதை எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பார்க்கலாம். இந்த இடம் தன்னை உலுக்கியதாக ரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் படத்தில் இந்த இடம் இல்லை. தாய் இறந்தபின் வந்து சேரும் அபு மரத்தடியில் உட்கார்ந்து அழுகிறான், எந்த மகனையும்போல. ரே பின்வாங்கிவிட்டார் என்று ஒருவர் வாதிடலாம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. மரணத்துக்குப் பின் ஒரே வீச்சில் வருகிற அந்த விடுதலையை ரே மரணத்துக்கு முன்பே சில்லறையாக மாற்றிப் படம் முழுக்க இறைத்துவிட்டார். விடுமுறைக்கு வந்திருக்கிறான் அபு. இரவு. சர்வஜயா அருகில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். உடம்பு சரியில்லாமல் இருப்பதை நேராகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கு ஏதாவது வந்தால் உன் சம்பாத்தியத்தில் வைத்தியம் பார்ப்பாயா என்று சுற்றிவளைத்துக் கேட்கிறாள். பதில் இல்லை. அபு தூங்கிவிட்டான். நடப்பது இவ்வளவுதான். கருணா பானர்ஜியின் முகத்தில் ஏமாற்றம்கூட முழுதாக இல்லை. பையன் களைத்திருக்கிறான் என்கிற சமாதானமும் அதில் கலந்திருக்கிறது. இதில் குற்றவாளி யார்? தூக்கம் குற்றமா? அந்த வயதின் கொடூரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. எதிர்த்துப் பேசுவதிலும் கதவை அறைவதிலும் அது இல்லை. கேட்கவேண்டிய நேரத்தில் உடம்பு தூங்கிவிடுகிறது.

கல்கத்தாவுக்குப் போகவேண்டும் என்று அபு சொல்லும் காட்சியையும் பார்க்கலாம். தலைமையாசிரியர் கொடுத்த பூகோள உருண்டை கையில் இருக்கிறது. இதுதான் நாம் இருக்கும் உலகம் என்று தாய்க்குக் காட்டுகிறான். எந்தப் பெருமிதத்தோடு உலகத்தைக் காட்டுகிறானோ அதே மூச்சில் அவளைவிட்டுப் போவதையும் சொல்கிறான். அவள் அறைகிறாள். பிறகு அவளே தேடிப் போய் அணைத்துக்கொண்டு, சேர்த்துவைத்த பணத்தை எடுத்துக் கொடுக்கிறாள். நம் சினிமாவில் இது தியாகக் காட்சி. பின்னணியில் வயலின் கதறியிருக்கும். இங்கே அவள் தோற்றுப்போகிறாள், அது மட்டும்தான் நடக்கிறது. தோற்றவள் வென்றவனுக்கு வழிச்செலவும் கொடுத்தனுப்புகிறாள்.

அந்தத் தோல்வியை ஆரம்பித்து வைத்ததும் அவள்தான். கணவன் இறந்தபின் ஒரு பணக்கார வீட்டில் சமையல் வேலை. ஒருநாள் படியிறங்கி வரும்போது, எஜமானுக்கு அபு ஹூக்கா தயார்செய்து கொண்டுபோவதைப் பார்க்கிறாள். ஒரு வார்த்தை இல்லை. அடுத்து ரயில். என் பிள்ளை வேலைக்காரனாகக் கூடாது என்று அந்தப் படிக்கட்டில் அவள் எடுத்த முடிவைத்தான் அபு கல்கத்தாவரைக்கும் கொண்டுபோகிறான். அவளுடைய ஆசையை அவள் நினைத்ததைவிட முழுமையாக நிறைவேற்றியதுதான் அவன் செய்த தவறு. எந்தப் பெற்றோர் பிள்ளை மோதலிலும் இந்த முரண் கொஞ்சமாவது இருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளை கேட்காமல் போனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். கேட்டுவிட்டதால் வருகிற இழப்பைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

ஒருமுறை, ஊருக்குத் திரும்பும் நாளில், ரயில் வந்து நின்றும் அபு ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறான். ரயிலைத் தவறவிட்டேன் என்று பொய் சொல்கிறான். அவள் முகம் மலர்கிறது. இன்னொரு முறை, பரீட்சைக்குப் படிக்கவேண்டும் என்று கடிதம் எழுதிவிட்டு வராமலே இருந்துவிடுகிறான். இரண்டுமே பொய்கள். ஒன்று அவளுக்காக, மற்றது அவளிடமிருந்து தப்ப. ஒரே பையன் சொன்னவை என்பதுதான் முக்கியம். முதல் பொய்யை வைத்து அவனை நல்லவனாக்குவதும், இரண்டாவதை வைத்துத் தண்டிப்பதும் கதைசொல்லியின் சபலம். ரே இந்தச் சபலத்துக்கு ஆளாகவில்லை. தாய் மரத்தடியில் உட்கார்ந்து தூரத்து ரயிலைப் பார்க்கிறாள். அபு குழந்தையாக இருந்தபோது அதிசயமாக இருந்த ரயில், அவளுக்கு இப்போது கடிகாரம் மாதிரி. கடைசி இரவில் அவன் கூப்பிட்ட குரல் கேட்டதாக எழுந்து வாசலுக்கு வருகிறாள். இருட்டில் மின்மினிகள். வேறு யாரும் இல்லை.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. நாவலின் லீலா இங்கே இல்லை. அதனால் கல்கத்தா, அச்சகமும் வகுப்பறையும் ஒரு நண்பனுமாகச் சுருங்கிவிட்டது. கிராமம் இழப்பது நமக்கு முழுதாகத் தெரிகிறது. நகரம் கொடுப்பது அந்த அளவுக்குத் தெரியவில்லை. தராசு தாயின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அபுவாக வரும் ஸ்மரண் கோஷாலின் மந்தமான முகமும் சில இடங்களில் இதற்குத் துணைபோகிறது. தாயைவிட்டு ஓட ஒரு பையனுக்கு எவ்வளவு பெரிய காரணம் இருக்கமுடியும் என்பதை இந்தப் படத்திலிருந்து ஓரளவுக்கு ஊகிக்கத்தான் முடிகிறது.

இதை என் வயது பேசுகிறதோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. பத்தொன்பது வயதில், ஒரு ஃபிலிம் சொசைட்டியின் கீறல் விழுந்த 16 மி.மீ. பிரதியில் முதல்முறை பார்த்தபோது, தாய் எனக்கு ஒரு தடையாக மட்டுமே தெரிந்தாள். தூக்கக் காட்சி நினைவிலேயே தங்கவில்லை. லண்டனில் 1993-இல் லாபரட்டரித் தீயில் சேதமான நெகடிவ்களில் மிஞ்சியவற்றையும் வேறு பிரதிகளையும் கொண்டு புதுப்பித்து 2015-இல் வெளிவந்த பிரதியை அண்மையில் பார்த்தேன். பக்கத்து அறையில் பதினாறு வயது மகன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். இந்த முறை அபுவை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு முறையும் நான் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

முழுப் படமும் கடைசிக் காட்சியில் இருக்கிறது. இங்கேயே இருந்து புரோகிதம் பார், சிரார்த்தத்தைச் செய் என்கிறார் கிழவர். காளிகட்டத்தில் செய்துகொள்கிறேன் என்று மூட்டையோடு கிளம்புகிறான் அபு. வானம் இருண்டு இடிக்கிறது. அவன் செய்தது சரி என்று யாரும் சொல்லவில்லை, மன்னிப்பதும் இல்லை. அழுத கண்ணோடு, திரும்பிப் பார்க்காமல், நடந்துபோகிறான். அவள் எடுத்த முடிவின் திசை அதுதான்.