கண்ணு வைக்கும் முன்

சென்னை இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில் ஓவியர்கள் ஏ-கில்லும் கத்ராவும் வரைந்த முகங்களை யார் யாரோ எடுத்த படங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பாதிக்கு மேல் ட்ரோன் வேலை. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களை ஒதுக்காதே என்று சொல்ல வந்த முகங்கள் அவை. நடந்து போகிறவன் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டியவை. பறந்து போய் அவற்றின் நெற்றிக்கு நேரே நிற்பது எனக்கு மரியாதைக் குறைவாகப் படுகிறது. "கீழேயிருந்து எடுத்தா தாடை பெருத்துடும்" என்பார் ட்ரோன் வைத்திருக்கும் நண்பர். பெருக்கட்டுமே! தெருவில் நிற்பவனுக்கு அப்படித்தானே தெரிகிறது.

என் பைத்தியம் வேறு. சுவரில் முகம் எதுவானாலும் நான் முதலில் தேடுவது விழிக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளியை. அந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் முட்டுக்காட்டில் ஒரு பெரியவர்.

இருபது வருடம் இருக்கும். பாலம் தாண்டிக் கோவளம் போகிற வழியில் ஒரு காம்பவுண்டு சுவர். வெள்ளையடித்து, கட்டம் போட்டு, ஒரு தலைவரின் முகத்தை ஏற்றிக்கொண்டிருந்தார். சினிமா பேனர் வரைந்த கை. ஃப்ளெக்ஸ் வந்து சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டிருந்தது. மீசை, காதுமடல், துண்டின் மடிப்பு எல்லாம் முடிந்து, விழி மட்டும் வெறும் சுண்ணாம்பாக இருந்தது. கேமராவைத் தூக்கினேன். திரும்பாமலே சொன்னார்: "நான் கண்ணு வைக்கிறதுக்கு முன்னாடி நீ கண்ணு வச்சிடாத தம்பி."

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்த எனக்குச் சிலைக்குக் கண் திறப்பதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் கூசிப்போனேன். டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். நாலு மணி வாக்கில் கறுப்பு வைத்தார். அதைச் சுற்றிப் பழுப்பு. பிறகு பிரஷின் ஓரத்தால் ஒரே தொடல், வெள்ளைப் புள்ளி. அதுவரை சுவராக இருந்தது என்னைப் பார்த்தது.

"இப்ப எடு." அவரையும் நிற்கச் சொன்னேன். இறங்கி வந்து, ஏணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டு, கடைசிப் பொத்தான் வரை மாட்டிக்கொண்டு நின்றார்.

பனியனோடு, முதுகில் வேர்வையோடு எடுத்தால்தான் அசல் என்று இன்றைய ரீல்ஸ்காரர்கள் சொல்வார்கள். யாருக்கு அசல்? தன் படம் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நியூயார்க் ரயில் பெட்டி ஓவியங்களைப் படமெடுத்தவர்கள் விஷயத்திலும் எங்கள் போட்டோ வட்டத்தில் இரண்டு கட்சி உண்டு. ட்ரோன் நண்பர் ஹென்றி சால்ஃபன்ட் கட்சி. எதிர் நடைமேடையில் காத்திருந்து, பெட்டியைத் துண்டுதுண்டாக எடுத்து ஒட்டி முழு ஓவியத்தையும் நேராகக் காட்டியவர் அவர். நான் மார்த்தா கூப்பர் கட்சி. ராத்திரியில் ரயில் நிறுத்தும் யார்டுக்கே தங்களோடு வரவிடும் அளவுக்கு, வரைகிற பையன்களின் நம்பிக்கையைச் சம்பாதித்தவர். 1984இல் இருவரும் சேர்ந்தேதான் புத்தகம் போட்டார்கள் என்பதை நாங்கள் வசதியாக மறந்துவிட்டுச் சண்டை போடுவோம்.

இப்போது யாருக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. நாலு நாள் உழைப்பை முப்பது விநாடி டைம்-லாப்ஸில் அடக்கி, வரைகிறவரைச் சுவரில் ஊரும் எறும்பாக்கிவிடுகிறார்கள். கண்ணகி நகரில் 2020இல் ஓவியங்கள் வந்த பிறகு வாசலில் துணி காயப்போட்டிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கேமராவை நீட்டுகிறார்கள். ஓவியத்துக்குப் பின்னால் சமையல் நடக்கிறது ஐயா.

பெயரையாவது போடலாம். 2009இல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் கிழித்துப் படம் வரையவைத்ததே, அந்தப் படங்களுக்கு முன்னால் எத்தனை பேர் போஸ் கொடுத்தார்கள்! வரைந்தவர் பெயரோடு ஒரு போட்டோ கூட என் கண்ணில் படவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பே, சினிமா ஹோர்டிங்கில் நவரசம் என்று தாரா புக்ஸ் போட்ட புத்தகத்தில் பேனர் ஓவியர் எம்.பி. தக்‌ஷ்ணாவின் பெயர் ஆசிரியர்கள் வரிசையிலேயே இருந்தது.

பெரியவருக்குப் பிரிண்ட் போட்டு மறு வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டையோடு நிற்கும் தன்னை அவர் பார்க்கவே இல்லை. தலைவரின் இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புள்ளி கொஞ்சம் மேல ஏறிடுச்சு" என்றார்.