பொறியா, கவர்ச்சியா? ஆமணக்கும் ஒரு வேளாண் கலைச்சொல்லும்

செங்கம் பகுதியை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், விளைபுனத்தை அழிக்கும் பன்றிகளுக்காக நுழைவழிகளில் மாட்டிய கற்பொறியைக் குறிப்பிடுகிறது. அங்குப் பொறி என்பது வந்த விலங்கைத் தானே வீழ்த்தும் கருவி. செங்கத்தை உள்ளடக்கிய இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை மிகுதி. அப்பயிரின் வரப்போரம் ஆமணக்கை விதைக்கப் பரிந்துரைக்கும் வேளாண் குறிப்புகள் அதனைப் ‘பொறிப்பயிர்’ என்கின்றன. இச்சொல்லின் பொருத்தம் ஆராயத்தக்கது.

புகையிலை வெட்டுப்புழுவின் தாய் அந்துப்பூச்சி, முட்டையிடத்தக்க செடியை மணத்தின் துணையால் தேர்கிறது. அது பெரிதும் விரும்பும் செடி ஆமணக்கு. இலையின் அடியில் நூற்றுக்கணக்கான முட்டைகளைக் குவியலாக இட்டுத் தன் உடல் மயிரால் மூடுகிறது. பொரிந்த இளம்புழுக்கள் சில நாட்கள் கூட்டமாக இருந்து இலையைச் சுரண்டுகின்றன. சல்லடை போலாகும் அவ்விலையை அப்போதே பறித்து அழித்தால் ஒரு கூட்டமே ஒழியும். தவறினால் அவை வளர்ந்து நிலக்கடலைக்குப் பரவும். ஆமணக்கு அப்புழுக்களைக் கொல்வதில்லை, வளர்க்கிறது. கூட்டுவது மணம், கொல்வது உழவரின் கை.

கென்யாவில் 1990களில் உருவான ‘தள்ளு-இழு’ முறை இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கும். மக்காச்சோளத்தின் ஊடே வளரும் டெஸ்மோடியம், தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சியை மணத்தால் விலக்குகிறது. வயலைச் சூழ்ந்த நேப்பியர் புல் அதனை ஈர்க்கிறது. அப்புல்லைத் துளைக்கும் இளம்புழுக்கள் அதன் பிசுபிசுப்பான சாற்றில் சிக்கிப் பெரும்பாலும் மடிகின்றன. துளசியிலும் உள்ள மெத்தில் யூஜினாலால் ஆண் பழ ஈக்களை ஈர்க்கும் கலத்திலோ நஞ்சும் உடன் வைக்கப்படுகிறது. இவையே பொருள் நிறைந்த பொறிகள்.

இவற்றோடு ஆமணக்கையும் ஒரே சொல்லில் அடக்குவது வெறும் சொற்பிழையன்று. பொறி எனப் படிப்பவர், விதைத்ததோடு காவல் முடிந்தது எனக் கருத இடமுண்டு. முட்டைக்குவியலைத் தேடி வயலோரம் நடக்கும் உழைப்பும் அதற்கான கூலியும் அச்சொல்லில் மறைகின்றன. புழு பெருகினால் பழி ஆமணக்கின்மேல் விழும். தெளிப்பான் மீண்டும் தோளேறும்.

வழக்கில் ஏற்கெனவே உள்ள ‘கவர்ச்சிப் பயிர்’ என்னும் சொல்லே ஆமணக்குக்குப் பொருந்தும். ஈர்த்தபின் ஒரு வேலை எஞ்சியிருப்பதை அது மறைப்பதில்லை. ‘பொறிப்பயிர்’ என்பதை, வந்த பூச்சியைத் தானே மடியச் செய்யும் பயிருக்கு மட்டும் வரையறுப்பது தகும்.