ரோக்லைக் ஆட்டங்களில் செத்தால் எது மிஞ்சுகிறது?

ரோக்லைக் வகை வீடியோ கேம்கள் ஏன் இவ்வளவு பேரை இழுக்கின்றன என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கஷ்டமா இருக்கும், அதான் பிடிக்குது." இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கஷ்டம்தான் காரணம்னா வருமான வரிப் படிவத்துக்கும் ரசிகர் மன்றம் இருந்திருக்கணும். கஷ்டமான ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. பலவற்றை நாலு தடவை தோற்றதும் மூடி வைத்துவிடுகிறோம். இதில் மட்டும் செத்த மறுநொடியே கை தானாக "இன்னொரு தடவை" என்று போகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில் தேறியவை இந்தக் குறிப்புகள்.

1. மூல ஆட்டம்

இந்த வகைக்குப் பெயர் தந்த 'ரோக்' ஆட்டத்தை 1980 வாக்கில் எழுதியவர்கள் மைக்கேல் டாய், கிளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள். இடம், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகம். பிறகு பெர்க்லியில் கென் அர்னால்ட் சேர்ந்துகொண்டார். வரைகலை எதுவும் கிடையாது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு வகை அரக்கன், ஆக 26 வகை. 26-ஆம் தளத்தில் ஒரு தாயத்து இருக்கும். அதை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே ஏறி வரணும். அவ்வளவுதான் கதை.

அன்றைய சாகச ஆட்டங்களில் புதிர்கள் மாறாதவை. விடை தெரிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. எழுதினவருக்கோ விடை முதலிலேயே தெரியும். தாங்களே ஆடினாலும் ஆச்சரியம் தர்ற ஆட்டம் வேணும் என்பதுதான் டாய், விக்மன் இருவரின் ஆசை. அதனால் அறைகளும் பொருட்களும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும். மருந்துகளின் நிறம்கூட மாறும். போன ஆட்டத்தில் காயம் ஆற்றிய நீல மருந்து, இந்த ஆட்டத்தில் கண்ணைக் குருடாக்கலாம்.

சேமித்த கோப்பைத் திறந்ததும் அது அழிந்துவிடும் என்ற விதியும் இங்கிருந்து வந்ததுதான். பலர் இதைத் தண்டனை என்று நினைக்கிறார்கள். கோப்பு அழியாமல் இருந்தால் என்ன ஆகும்? மருந்தைக் குடித்துப் பார்ப்போம். விஷம்னா பழைய கோப்புக்குத் திரும்பிவிடுவோம். "குடிக்கலாமா வேண்டாமா" என்ற கேள்விக்கே அர்த்தம் போய்விடும். அந்த விதி ஆட்டக்காரரின் முடிவுக்கு ஒரு விலை வைக்கிறது.

2. கோப்பில் தங்கிய நினைவு

1980-களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மால்டினும் நண்பர்களும் 'ரோகோமேட்டிக்' என்று ஒரு நிரல் எழுதினார்கள். அதன் வேலையே ரோக் ஆடுவதுதான். அங்கிருந்த தேர்ந்த ஆட்டக்காரர்களோடு போட்டி போடும் அளவுக்கு ஆடியது. எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டது, எந்த அரக்கன் எவ்வளவு அடிப்பான் என்பது போன்ற அனுபவத்தை அது ஒரு நீண்டகால நினைவுக் கோப்பில் எழுதி வைத்ததுதான். அடுத்த ஆட்டத்தில் அந்தக் கோப்பைப் படித்துவிட்டுத் தொடங்கும்.

பாத்திரம் செத்துவிட்டது, வாள் போச்சு, தங்கம் போச்சு. கோப்பு மிஞ்சியது. நம்ம விஷயத்தில் அந்தக் கோப்பு இருக்கும் இடம் நம்ம தலை. ரோக்லைக்கின் இழுப்பு முழுக்க இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஆட்டம் உங்களிடமிருந்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறது, நீங்கள் கற்றதைத் தவிர. அதனால் அடுத்த முறை இரண்டு தளம் கூடுதலாக இறங்கினால் அந்தப் பெருமை கொஞ்சமாவது உங்களுடையது.

3. அதிர்ஷ்டம் முன்னால், முடிவு பின்னால்

"எல்லாம் அதிர்ஷ்டம்தானே?" என்று ஒரு கேள்வி வரும். பரமபதத்தில் தாயம் உருட்டிய பிறகு நாம் செய்ய ஒன்றுமே இல்லை. பாம்பு கொத்தினால் இறங்கணும். ஆடு புலி ஆட்டத்தில் அதிர்ஷ்டம் அறவே இல்லை. ரோக்லைக் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நல்ல ரோக்லைக்கில் அதிர்ஷ்டம் முதலில் வரும், முடிவு அதற்குப் பிறகு வரும்.

2019-ல் முழுமையாக வெளிவந்த 'ஸ்லே த ஸ்பையர்' இதற்கு நல்ல உதாரணம். கையில் எந்த ஐந்து சீட்டு வரும் என்பது அதிர்ஷ்டம். ஆனால் எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பது பெரும்பாலும் அவன் தலைக்கு மேலேயே தெரியும். வழியின் வரைபடமும் முன்கூட்டியே தெரியும். சண்டை முடிந்ததும் மூன்று சீட்டில் ஒன்றை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். செத்தபின் திரும்பிப் பார்த்தால் "அந்தச் சீட்டை எடுத்திருக்கக் கூடாது" என்று விரல் வைத்துக் காட்ட ஓர் இடம் இருக்கும். அந்த இடம் இருப்பதால்தான் மறுபடி ஆடத் தோன்றுகிறது. காரணம் தெரியாத தோல்வியை யாரும் திருத்தப் பார்ப்பதில்லை.

4. என் ஆட்சேபம்

2013-ல் வந்த 'ரோக் லெகசி' முதலாகப் பல ஆட்டங்கள் ஒரு சலுகை தருகின்றன. செத்தாலும் சேர்த்த பொருளை வைத்து நிரந்தர பலம் வாங்கலாம். புதியவர்களுக்கு இது கதவைத் திறந்தது, மறுக்கவில்லை. ஆனால் இருபதாவது முறை ஜெயிக்கும்போது நான் தேறினேனா, ஆட்டம் இளகியதா? பிரித்துச் சொல்ல முடியாது. ரோகோமேட்டிக்கின் கோப்பு தலையிலிருந்து மறுபடி வட்டுக்கே போய்விட்டது.

'ஹேடீஸ்' (2020) இதே சலுகையைத் தருகிறது, ஆனாலும் தப்பிக்கிறது. அங்கே ஒவ்வொரு சாவும் நாயகன் ஸாக்ரியஸை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். அப்பாவோடும் மற்றவர்களோடும் பேச்சு தொடரும். சாவு கதையின் அடுத்த பக்கம் ஆகிவிடுகிறது. ஜெயித்தவர்களுக்கு ஆட்டத்தைக் கடினமாக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. 'ஸ்லே த ஸ்பையர்' இன்னும் நேர்மை. சில சீட்டுகள் திறப்பது தவிரப் பெரிய சலுகை இல்லை. ஜெயிக்க ஜெயிக்க 20 படிகள் வரை கடினம்தான் கூடும்.

5. சூதாட்டமா?

எப்போது பரிசு வரும் என்று தெரியாத எதுவும் மனிதனைப் பிடித்துவைக்கும். சூதாட்ட இயந்திரத்தின் சூட்சுமமும் அதுதான். 2024-ல் வந்த 'பாலாட்ரோ' போக்கர் சீட்டுகளை வைத்து ஆடுவது. பணப் பந்தயம் இல்லை. இருந்தும் ஐரோப்பாவின் பெகி அமைப்பு அதற்கு 18 வயதுத் தரம் கொடுத்தது; மேல்முறையீட்டுக்குப் பிறகு 2025-ல் 12 ஆகக் குறைத்தது. படத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட எளிதான சோதனை ஒன்று உண்டு. தேர்ந்தவர் ஒருவரையும் புதியவர் ஒருவரையும் நூறு தடவை ஆடச் சொல்லுங்கள். இருவர் கணக்கும் ஒன்றாக இருந்தால் சூது. தேர்ந்தவர் தெளிவாக முந்தினால் திறமை.

ஆனால் திறமை என்பதால் நேரம் திரும்பி வந்துவிடாது. வேலை, குடும்பம் என்று நாளுக்கு ஒரு மணி நேரம்தான் மிஞ்சும் வயதில், "இன்னொரு தடவை" என்பதற்கும் விலை இருக்கிறது. அதனால் செத்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது என் பழக்கம்: இந்த முறை எதனால் செத்தேன்? பதில் ஒரு வரியில் வந்தால் அடுத்த ஆட்டம். வரவில்லை என்றால் அன்றைக்குக் கற்பது நின்றுவிட்டது, இழுப்பு மட்டும்தான் ஓடுகிறது. கணினியை மூடிவிடலாம்.