தாலியும் தொழிற்சாலை வாயிலும்

1974-இல் கே. பாலசந்தர் இயக்கத்தில் வெளிவந்த ‘அவள் ஒரு தொடர்கதை’யைப் பெண்ணின் பெருமை பேசும் படமெனப் போற்றுவோர் பலர். போற்றத்தக்கது அதில் உண்டு, மறுப்பதற்கில்லை. உழைத்துக் குடும்பம் காக்கும் கவிதா, கண்ணீர் வடிக்கும் பதுமையாக அன்றி, சினமும் செருக்கும் உடைய மனிதப் பிறவியாகத் திரையில் நின்றாள். பொறுப்பற்ற அண்ணனை அவள் சாடும் சாடலில் உண்மை சுடுகிறது.

ஆனால் முடிவைக் காணுங்கள். மணநாள் வருகிறது, திருந்திய அண்ணன் கொல்லப்படுகிறான், மணமகனை வேறொருத்திக்கு விட்டுக்கொடுத்துக் கவிதா மீண்டும் வேலைக்குச் செல்கிறாள். தியாகம் என்கிறார்கள். ஏன் இந்தத் தியாகம்? மணந்துகொண்டும் வேலைக்குச் சென்றால் என்ன? ஈட்டிய பணத்தில் பிறந்த வீட்டைக் காத்தால் எந்த வானம் இடிந்து வீழும்? படம் இங்கே நின்று ஆராயவில்லை. மணமென்றால் வேலையில்லை, வேலையென்றால் மணமில்லை. ஆடவனுக்கு எவரும் விதிக்காத இவ்விதியை, இயற்கையின் ஏற்பாடு போல் ஏற்றுக்கொண்டே கதை நடக்கிறது.

கதைதானே என்பீர்கள். செம்பரம்பாக்கம் வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையில், விடுதிகளிலிருந்து திருப்பெரும்புதூர் ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளை நாளும் காண்கிறோம். அவ்வாலைகளுள் ஒன்று, ஐபோன் செய்யும் பாக்ஸ்கான். அங்கே ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களைச் சேர்ப்பதில்லை என்று, படம் வந்து ஐம்பதாண்டு கழித்து, 2024 சூன் திங்களில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. குடும்பப் பொறுப்பு, கருவுறுதல், மிகுந்த விடுப்பு, போதாக்குறைக்கு உலோக அணிகலன். இவையே சொல்லப்பட்ட காரணங்கள். நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்தோரில் நூற்றுக்கு 25 பேர் மணமான பெண்கள் என்றது. நடுவண் அரசு தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது.

யார் கூற்று மெய் என்பது ஒருபுறம் இருக்கட்டும். காரணங்களை உரைத்துப் பார்ப்போம். தாலியும் மெட்டியும் இடையூறு என்றால், ஆடவன் விரல் மோதிரம் மூங்கிலால் ஆனதா? உலோகத்தைக் கழற்றச் சொல்லலாம், மூடச் சொல்லலாம். உழைப்பவளையே கழற்றி எறிவது எந்நாட்டு நீதி? (எம் பள்ளியில் மணமான ஆசிரியைகள் பலர். அவர்தம் தாலி கரும்பலகையைக் கீறியதாக இதுவரை புகாரில்லை!) விடுப்பு மிகும் என்ற வாதமோ பழைய சரக்கு. மணமானதும் பெண்ணின் வேலை போகும் என விதி வைத்திருந்த பம்பாய் மருந்து நிறுவனம் ஒன்றின் வழக்கில், 1965-இலேயே உச்சநீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. மணமாகாதவரையும் கைம்பெண்களையும்விட மணமானவர் மிகுதியாக வராதிருப்பர் என்று கொள்ளக் காரணமில்லை என்றது. மகப்பேற்று விடுப்புக்கு நிறுவனம் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றது.

ஆயினும் வேலியில் பொந்து இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஆளெடுப்பதில் பெண்ணென்று வேற்றுமை காட்டாதே என்றது. அதனிடத்தில் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் பாலின வேற்றுமையையே தடுக்கிறது. மணமானவள் என்பதற்காக வேலை மறுக்கலாகாது என்று இரண்டும் வெளிப்படையாகக் கூறவில்லை. “பெண்ணை மறுத்தோமா? மனைவியைத்தானே மறுத்தோம்!” என வாதாட வழி கிடைக்கிறது.

இழப்பு ஒரு மாத ஊதியம் அன்று. இருபது வயதில் சேர்ந்து இருபத்தைந்தில் மணமென்று வெளியேறுபவளுக்குப் பணிமூப்பு ஏது? பதவி உயர்வு ஏது? முதுமைக்கு வைப்புநிதிதான் எவ்வளவு சேரும்? அவளிடத்தில் மற்றொரு இளம்பெண் வருவாள், மீண்டும் தொடக்கக் கூலிக்கு! கணவன் கைநீட்டினால், பிழைக்க வழியின்றி அடிபட்டுக் கிடக்க வேண்டியவள் வெளியேறியவளே.

செங்கற்பட்டில் 1929-இல் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சமவுரிமையும் எத்தொழிலும் செய்யும் உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. சொத்துரிமை, அறுபதாண்டு கழித்து 1989-இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமாக வந்தது. தொழிலுரிமைக்கு நெடுங்காலம் காத்திருக்கத் தேவையில்லை. ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் வழங்கும் அரசு, ‘மணமாயிற்றா என்று கேளாதே’ என்னும் ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதலாமே!